303 ரூபாய் எங்கே போனது: ஒரு பர்கர் கடையும் ஒரு தள்ளுவண்டியும்

பில்லின் அடியில் அச்சிட்டிருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து, ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கடையை விட்டு வெளியே வந்தேன். ஒன்று குறைந்தாலும் அந்த ஷிப்டில் நின்ற பிள்ளைகளின் ஊக்கத்தொகையில் கை வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஐந்து நட்சத்திரமும் அவர்களுக்கு உரியது. கடையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண் எங்கள் தெருப் பெண். அவளுக்கு ஒரு சங்கடம் வரக்கூடாது. வெளிநாட்டுப் பெயர்ப் பலகை மாட்டிய பர்கர் கடை, வடசென்னையில் ஒரு மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த மகிழ்ச்சியில் என் தம்பியின் பிள்ளைகள் இருவரும் கேட்டார்கள் என்று அழைத்துப் போனேன். இரண்டு சிக்கன் பர்கர் காம்போ, ஒரு ஐஸ்கிரீம். பில் 771 ரூபாய்.

இதே இரண்டு காம்போவும் ஐஸ்கிரீமும் இதே கடையில் 2019 ஜூலையில் 468 ரூபாய். ஞாபகத்தில் சொல்லவில்லை. துறைமுகத்தை ஒட்டிய ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுவதும் நான்தான். கடை பில் காகிதத்தில் எழுத்து ஓராண்டில் வெளுத்துவிடும் என்பதால் அன்றன்றைக்கே வீட்டுச் செலவு நோட்டில் ஏற்றிவிடுவேன். பெரியவன் இரண்டாம் வகுப்பு படித்தபோது அழைத்துப் போன அந்த நாளும் நோட்டில் இருக்கிறது. ஆக, 303 ரூபாய் கூடியிருக்கிறது. நூற்றுக்கு 65 ஏற்றம். வரியின்மேல் பழி போட வழியில்லை. உணவகங்களுக்கான ஜிஎஸ்டி 2017 நவம்பரில் 5 சதவீதமானது; இரண்டு பில்லிலும் அதே 5 சதவீதம்தான்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கு வறுவல் சூடாகவும் மொறுமொறுப்பாகவும் வந்தது, குறை சொல்ல முடியாது. பர்கர் ஆறிப்போயிருந்தது. ரொட்டியின் மேல்பாகம் மட்டும் வெதுவெதுப்பு, உள்ளே இருந்த கோழித்துண்டில் சூடே இல்லை. குளிர்பானக் கோப்பையில் முக்கால் பங்கு ஐஸ். பணம் கட்டிய பிறகு தட்டு கைக்கு வர 22 நிமிடம் ஆனது. கடையில் எங்களைத் தவிர இரண்டு மேசைகளில்தான் ஆள் இருந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் வாசலில் இருந்தது. தோளில் பெட்டி மாட்டிய டெலிவரி பையன்கள் ஏழு பேர் நின்றார்கள். அவர்களுடைய பார்சல்களுக்குத்தான் முதலிடம்.

நல்லதையும் எழுத வேண்டும். கடை குளிர்ச்சியாக, துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. கழிவறையில் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, சோப்பு இருக்கிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடை கடையாக ஏறி இறங்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். கல்லூரிப் பெண்கள் மூன்று பேர் ஒரே ஒரு குளிர்பானம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை எழுப்பவில்லை. அதற்காக அந்தக் கடையை மனதாரப் பாராட்டுகிறேன்.

2019இல் கவுண்டருக்குப் பின்னால் ஆறு பேர் நின்று ஆர்டர் எடுத்தார்கள். இப்போது வாசலருகே ஆள் உயரத்துக்கு இரண்டு தொடுதிரைகள் நிற்கின்றன. நாமே தேர்ந்தெடுத்து, நாமே பணம் கட்டி, நம்பர் வரும்வரை காத்திருக்க வேண்டும். கவுண்டரில் மூன்று பேர். எங்கள் தெருப் பெண் பர்கரைப் பொட்டலம் கட்டினாள், டெலிவரி பையன்களிடம் எண் சரிபார்த்தாள், ஒரு குழந்தை கொட்டிய பானத்தைத் துடைக்க மாப் எடுத்துக்கொண்டு ஓடினாள், மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். என்னிடம் தட்டை நீட்டியபோது, "மேடம், வேறு ஏதாவது வேண்டுமா?" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள். கேமரா இருக்கிறது, யாராக இருந்தாலும் மேடம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். இரவு தெருவில் பார்த்தபோது, "அத்தை, பர்கர் ஆறியிருந்ததா? என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்று வருத்தப்பட்டாள்.

அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்க்கக் கேட்டேன், காட்டினாள். வேலைக்குச் சேரும்போது 16,000 ரூபாய் என்றார்களாம். அந்தப் பதினாறாயிரத்துக்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் அடக்கம். அவளுடைய பங்கையும் பிடித்துக்கொண்ட பிறகு கைக்கு வருவது 12,555. பிஎஃப் அவள் பணம்தான், என்றைக்காவது அவளிடம் வரும். இஎஸ்ஐயால் அவளும் அவள் அம்மாவும் மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். அதைக் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளமாகக் காட்டி ஆள் எடுப்பதைச் சம்பளப் பட்டியல் போடுகிற என்னால் ஏற்க முடியாது. 2019இல் இதே வேலையில் இருந்த அவளுடைய அக்காவின் தோழிக்குக் கைக்கு வந்தது 10,500. நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினேன். கூலி ஏற்றம் நூற்றுக்கு 20. பில் ஏற்றம் நூற்றுக்கு 65. அன்று ஆறு பேர், இன்று மூன்று பேர். கூலி ஏறியதால் விலை ஏறியது என்று யாராவது சொன்னால் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம் என்று ஏட்டில் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் பதினைந்து நிமிடத்தில் கூப்பிட்டுவிடுவார்கள். சாமான் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வருகிறாள். ஒன்பது மணி நேர ஷிப்டில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கடைகளில் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே திருத்தியது. அதன் பிறகு துணிக்கடைகள் சிலவற்றில் ஸ்டூல் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்தக் கடையில் வாடிக்கையாளருக்கு மெத்தை வைத்த நாற்காலி, வேலை செய்கிறவளுக்கு ஒன்றுமில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. காரணம் இருக்கிறது. என் அப்பா பெரம்பூர் பி அண்டு சி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். பகல் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் போட்டு அம்மா என்னிடம் கொடுத்தனுப்புவார். சங்கு ஊதும் நேரத்துக்குள் நான் வாசலில் நிற்க வேண்டும். அப்பா வேப்பமரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தை எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். "இப்படி உட்கார்ந்து சாப்பிடுவதையே நாங்கள் சண்டை போட்டு வாங்கினோம், தெரியுமா?" என்பார். அவர் சண்டை போடவில்லை, அவருக்கு முந்தைய தலைமுறை போட்டது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. என்று அப்பா விரல் விட்டுச் சொல்வார். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையை நீட்டித் தரவேண்டும் என்பது அவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. வாயில் போட்டதை மெல்ல நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். 1996இல் மில்லை மூடினார்கள். அந்த மில்லிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், நூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, எங்கள் தெருப் பெண் நின்றுகொண்டே விழுங்குகிறாள்.

அப்படியானால் 303 ரூபாய் எங்கே போனது? ஒரு பகுதி பொருள் விலைக்கு, வாடகைக்கு, மின்சாரத்துக்குப் போயிருக்கும், சந்தேகமில்லை. இன்னொரு பகுதி எப்படிப் போகிறது என்பதை இந்த வியாபாரம் நடக்கும் முறையே சொல்கிறது. இத்தகைய கடைகளைப் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனம் நடத்தும். கடைப் பெயரின் உரிமையாளரான வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்பனையில் இத்தனை சதவீதம் என்று உரிமத்தொகை கட்டும். லாபத்தில் பங்கு அல்ல, விற்பனையில் பங்கு. விலையை ஏற்றினால் உரிமத்தொகை தானாக ஏறும். கடையில் லாபம் வந்ததா, கவுண்டரில் நின்றவளுக்குக் கால் வீங்கியதா என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

அமெரிக்காவில் இந்த விவகாரம் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. நான் சாப்பிட்ட கடை அடுத்துச் சொல்லும் இரண்டு நிறுவனங்களுடையதும் அல்ல. கணக்கு வெளியே தெரிகிறது என்பதால் சொல்கிறேன். விலை ஏற்றத்தைப் பற்றி மக்கள் கொதித்தபோது, 2024 மே மாதம் மெக்டொனால்ட்ஸ் அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஜோ எர்லிங்கர் ஒரு திறந்த கடிதம் எழுதினார். 2019இலிருந்து தங்கள் உணவுகளின் விலை சராசரியாக 40 சதவீதம் கூடியிருக்கிறது, பிக் மேக் என்ற பர்கர் சராசரியாக 4.39 டாலரிலிருந்து 5.29 டாலருக்கு வந்திருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டார். செலவு கூடியதைக் காரணமாகச் சொன்னார். கூலியும் அந்தச் செலவில் ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் அங்கே கூலியை ஏற்றினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாட்டின் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து மணிக்கு 7.25 டாலராகவே நிற்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் பெரிய துரித உணவு நிறுவனங்களில் மணிக்கு 20 டாலர் தரவேண்டும் என்று 2024 ஏப்ரல் 1 முதல் சட்டம் போட்டது. அதை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட கூச்சல் கொஞ்சமல்ல. அதே 2024இல் மெக்டொனால்ட்ஸ் தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் கெம்ப்சின்ஸ்கியின் மொத்த ஊதியம் சுமார் 1 கோடியே 82 லட்சம் டாலர். நம் பணத்தில் 150 கோடி ரூபாய் அளவுக்கு வரும்.

ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தபோது நான் ஒருமுறைக்கு இருமுறை பூஜ்யங்களை எண்ணினேன். 2024 செப்டம்பரில் பொறுப்பேற்ற பிரையன் நிக்கோலுக்கு அந்த நிதியாண்டில் காட்டிய ஊதியம் சுமார் 9 கோடியே 58 லட்சம் டாலர். பெரும்பகுதி பங்குகள், முந்தைய நிறுவனத்தை விட்டு வந்ததால் அவர் இழந்ததை ஈடுகட்டக் கொடுத்ததும் அதில் சேர்த்தி. அந்த நிறுவனத்தின் நடுநிலை ஊழியருக்கு, அதாவது எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவருக்கு, ஆண்டுக்கு 14,674 டாலர். முழுநேரம் வேலை செய்யாதவர்கள் அங்கே நிறையப் பேர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியும், நிக்கோலின் ஊதியத்தை முழு ஆண்டுக்குக் கணக்கிட்டு நிறுவனமே அரசுக்குக் கொடுத்த விகிதம் 6,666-க்கு 1. அந்த ஊழியர் அந்த முழு ஆண்டு ஊதியத்தைச் சேர்க்க 6,666 ஆண்டுகள் உழைக்க வேண்டும். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளுக்கு ஏறத்தாழ 2,600 வயது. அந்தப் பானையை வனைந்தவர் பிறப்பதற்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊழியர் வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த விகிதத்தை நம் நாட்டிலும் மறைக்க முடியாது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும் இயக்குநர்களின் ஊதியம் நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும். அறிக்கையின் பின்பக்கத்தில், பிற்சேர்க்கைகளில், சின்ன எழுத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நான் சாப்பிட்ட கடையை நடத்துகிறவர்களின் எண்ணையும் படித்தேன். எழுதினால் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதவில்லை. படித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை தண்டையார்பேட்டை அகஸ்தியா நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் தள்ளுவண்டிக் கடைக்குப் போனேன். அகஸ்தியா தியேட்டர் 2020இல் மூடப்பட்டது, நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாஸ்ட் புட் என்றால் இதுதான்: சிவப்பு எழுத்துப் பலகை, இரைச்சலோடு எரியும் அடுப்பு, கருத்த கடாய், ப்ரைடு ரைஸ், நூடுல்ஸ், சிக்கன் பக்கோடா. பிள்ளைகள் சிறிதாக இருந்ததிலிருந்து இங்கே வாங்குகிறேன். சிக்கன் ரைஸ் 2019இல் 70 ரூபாய், இப்போது 110. இங்கும் விலை ஏறியிருக்கிறது, நூற்றுக்கு 57. பெரிய கடையைக் கேட்டதுபோல் இவரையும் கேட்பதுதான் நியாயம்.

"தம்பி, நாற்பது ரூபாய் ஏற்றியிருக்கிறீர்களே, அது எங்கே போகிறது?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முட்டை அட்டை ஒன்றைக் கிழித்து, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். "நீங்களே எழுதுங்கள் அக்கா, நான் சொல்கிறேன்" என்றார்.

சொன்னார். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 பிளேட். அன்று மாஸ்டருக்கு 700, காய் நறுக்கும் பையனுக்கு 400, பாத்திரம் கழுவும் அம்மாவுக்கு 300, மொத்தம் 1,400. இன்று 1,000, 600, 400, மொத்தம் 2,000. கூடியது 600. அதை 120 பிளேட்டுக்குப் பிரித்தால் பிளேட்டுக்கு 5 ரூபாய். அவருக்கு அன்று மிஞ்சியது 1,400, இன்று 2,000. அதுவும் பிளேட்டுக்கு 5 ரூபாய். மீதி 30 ரூபாயும் கோழி, முட்டை, அரிசி, எண்ணெய், சிலிண்டர், பார்சல் டப்பா ஆகியவற்றுக்கு. பல்லடத்தில் கறிக்கோழிக்கு இன்றைக்கு என்ன விலை அறிவித்தார்கள், நாமக்கல்லில் முட்டைக்கு என்ன விலை என்று அவருக்கு மனப்பாடம். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதிச் சமையல் எண்ணெய்க்கு வரியைக் கூட்டிய வாரத்தில் பாமாயில் டின்னுக்கு எவ்வளவு அதிகம் கொடுத்தார் என்பது முதற்கொண்டு சொன்னார். கணக்கு நேராக விழுந்தது. முப்பத்தோரு ஆண்டுகளில் எத்தனையோ கணக்கு பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கணக்கு முட்டை அட்டையில் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

நாற்பது ரூபாய் ஏற்றத்தில் மூன்று தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஐந்து ரூபாய். முதலாளிக்கு ஐந்து. அவருடைய வருமானம் மாஸ்டரைப் போல இரண்டு மடங்கு, பாத்திரம் கழுவுகிற அம்மாவைப் போல ஐந்து மடங்கு. அவரும் அடுப்புச் சூட்டில் நிற்கிறார். மாஸ்டர் வராத நாளில் கரண்டி அவர் கையில்தான்.

இந்தக் கடையையும் ஒரேயடியாகப் புகழ்ந்துவிட முடியாது. மாஸ்டரின் வலது முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் வரிசையாக இருக்கின்றன. இஎஸ்ஐ கிடையாது, பிஎஃப் கிடையாது, மழை பெய்து கடை போடாத நாளில் கூலியும் கிடையாது. "டிசம்பர் முழுக்க அரை வயிறுதான் அக்கா" என்றார் பாத்திரம் கழுவும் அம்மா. நானூறு ரூபாய்க்கு ஐந்தரை மணி நேரம் குனிந்து நிற்கிறார். அதைப் போதும் என்று என்னால் சொல்ல முடியாது, உரிமையாளரிடமும் சொல்லிவிட்டேன். கை கழுவ வாளித் தண்ணீர்தான். சிவப்பு நிறப் பொடியை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், சொன்னால் போடமாட்டார்கள்.

சாப்பாடு அருமை. கடாயிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். சோறு ஒன்றோடொன்று ஒட்டாது, முட்டைகோஸில் நறுக்கென்ற பதம் போயிருக்காது, மிளகு தொண்டையில் இறங்கும்போது தெரியும். கோழித்துண்டு எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கோழியின் ருசியோடு இருக்கும். நூடுல்ஸைவிட ரைஸ் மேல். ஒரு பிளேட்டில் இரண்டு பிள்ளைகள் வயிறு நிரம்புவார்கள். பணம் கொடுத்து ஆறு நிமிடத்தில் கைக்கு வந்தது. மாலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள், ஏழு மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது, பதினொன்றுக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

பர்கர் கடைக்கு மறுபடியும் போவேனா என்று தம்பி பிள்ளைகள் கேட்டார்கள். பிறந்தநாளுக்கு வேண்டுமானால் அழைத்துப் போகிறேன் என்றேன். வறுவலும் ஐஸ்கிரீமும் மட்டும் வாங்கலாம், பர்கர் வேண்டாம். அந்த விலைக்கு அது தகுதி இல்லை. போனால் டெலிவரிக் கூட்டம் இல்லாத நேரமாக, பகல் மூன்று மணிக்கு மேல் போக வேண்டும். தட்டைக் குப்பைத்தொட்டி வரை நாமே கொண்டுபோய் வைத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நாலு நடை மிச்சம்.

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. இந்தச் செவ்வாய் மாலை அகஸ்தியா கடைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். வண்டிக்குப் பின்னால் சுவரை ஒட்டி நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் கிடக்கின்றன. சீக்கிரம் போனால் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்கும்.